லினக்ஸ் கண்டெய்னருக்குள் திரை, ஒலி, இணையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிசியஸில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள், கோயில் விழாக்களை நேரலையில் அனுப்பும் தொண்டர்கள், எபேன் அலுவலகங்களில் வேலைபார்க்கும் இளைஞர்கள் எனப் பலரும் தங்கள் லினக்ஸ் கணினியில் கண்டெய்னர், அதாவது நிரல்களைத் தனியே ஒதுக்கி ஓட்டும் பெட்டி, அமைக்கும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் டெபியன் 13, உபுண்டு 24.04 ஆகியவற்றையும் கண்டெய்னர்களை உருவாக்கி நடத்தும் இன்கஸ் என்னும் கருவியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டாக்கர் என்னும் இன்னொரு கருவியில் நடைமுறை வேறுபடும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன். கட்டளைகளும் கோப்புப் பாதைகளும் ஒலிப்படி தமிழெழுத்தில் உள்ளன. முனையத்தில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

கண்டெய்னர் என்றால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டத்தானே? அதற்குள் படம் காட்டும் நிரல் எப்படி ஓடும்?

கண்டெய்னர் தனிக் கணினி அன்று. கண்டெய்னரைத் தாங்கி ஓடும் உங்கள் கணினிக்கு ஹோஸ்ட் என்று பெயர்; அந்த ஹோஸ்டின் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிதான், கண்டெய்னருக்கும் கர்னல். நேம்ஸ்பேஸ் என்னும் ஏற்பாட்டால் அதற்குத் தனிக் கோப்பு அமைப்பு, தனிப் பயனர் பட்டியல், தனி வலையமைப்பு ஆகியவை இருப்பதுபோல் கர்னல் காட்டுகிறது; சிகுரூப் என்னும் ஏற்பாட்டால் நினைவகத்துக்கும் செயலிக்கும் வரம்பு வைக்கிறது. திரை, ஒலி அட்டை, கிராபிக்ஸ் கார்டு ஆகியவை அதற்குச் சொந்தமாக இல்லை. ஆகவே உள்ளே ஓடும் நிரல் படம் வரையவோ பாட்டு இசைக்கவோ வேண்டுமானால், ஹோஸ்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திரைச் சேவையையும் ஒலிச் சேவையையும்தான் நாட வேண்டும்.

லினக்ஸில் அந்தச் சேவைகளை நாடும் வழி, சாக்கெட் எனப்படும் ஒரு சிறப்புக் கோப்பு. அந்தக் கோப்பு கண்டெய்னருக்குள் தெரிய வேண்டும், உள்ளே இருக்கும் பயனருக்கு அதைத் தொட அனுமதி இருக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது என்பது நிரலுக்குச் சூழல் மாறி (நிரல் தொடங்கும்போது படிக்கும் பெயரிட்ட மதிப்பு) வழியாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் பேசப்படும் திரைச் சிக்கல்களிலும் ஒலிச் சிக்கல்களிலும் பெரும்பாலானவை இம்மூன்றில் ஏதோ ஒன்று விடுபட்டதால் வருபவை. வலையமைப்பு மட்டும் வேறு வகை. அதைப் பிற்பகுதியில் பார்க்கலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு? விர்ச்சுவல் மெஷின் போட்டுவிட்டுப் போகலாமே?

போடலாம். விண்டோஸ் நிரல் ஓட வேண்டும் என்றாலோ, நம்பத்தகாத நிரலைச் சோதிக்க வேண்டும் என்றாலோ விர்ச்சுவல் மெஷின்தான் சரி. ஆனால் அது தனிக் கர்னலை ஏற்றுகிறது, நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, கிராபிக்ஸ் கார்டின் முழு வேகத்தைத் தருவதற்குத் தனி ஏற்பாடுகள் கேட்கிறது. 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் ஒலிப்பதிவு நிரலுக்கும் உலாவிக்கும் தனித்தனி இடம் ஒதுக்க நினைப்பவருக்குக் கண்டெய்னரே இலகுவானது.

டாக்கர், எல்எக்ஸ்டி, இன்கஸ், பாட்மன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் எதை நிறுவுவது?

டாக்கரும் பாட்மனும் ஒரு நிரலை ஒரு பெட்டியில் அடைத்து ஓட்டுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. நிரல் முடிந்தால் பெட்டியும் நின்றுவிடும். எல்எக்ஸ்டியும் இன்கஸும் முழு லினக்ஸ் அமைப்பையே, அதன் தொடக்கச் சேவைகளோடு, கண்டெய்னராக ஓட்டுபவை. இன்கஸ் 2023-இல் எல்எக்ஸ்டியிலிருந்து பிரிந்தது. எல்எக்ஸ்டியைக் கனோனிக்கல் நிறுவனம் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும், சமூகத்தினர் இன்கஸை லினக்ஸ் கண்டெய்னர்ஸ் திட்டத்தின்கீழ்த் தொடர்ந்தனர். அமைப்புகளின் பெயர்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி எல்எக்ஸ்டிக்கும் பொருந்தும்.

மேசைக்கணினி நிரல்களை நாள்தோறும் திறந்து மூடிப் பயன்படுத்த இன்கஸையே பரிந்துரைப்பேன். ஆனால் தனிமைப்படுத்தல் எதுவும் வேண்டாம், வேறு லினக்ஸ் வகையின் ஒரு நிரல் ஓடினால் போதும் என்பவர் டிஸ்ட்ரோபாக்ஸை நிறுவிக்கொள்ளலாம். அது பாட்மன் அல்லது டாக்கரின் மேல் அமர்ந்து, திரை, ஒலி, உங்கள் வீட்டு அடைவு எல்லாவற்றையும் தானாகவே உள்ளே இணைத்துவிடும். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பக்கத்தின் மீதி தேவைப்படாது.

சரி, இன்கஸில் கண்டெய்னர் உருவாக்கிவிட்டேன். திரையை உள்ளே கொண்டுவருவது எப்படி?

முதலில் ஹோஸ்டில் டிஸ்ப்ளே என்னும் சூழல் மாறியின் மதிப்பைப் பாருங்கள். அது ":0" என்றால் திரைச் சேவையின் சாக்கெட் /டிஎம்பி/.எக்ஸ்11-யுனிக்ஸ்/எக்ஸ்0 என்ற இடத்தில் இருக்கும். ":1" என்றால் எக்ஸ்1. பலர் இணையத்தில் கண்ட வரிகளை அப்படியே ஒட்டிவிட்டு, தங்கள் கணினியில் எண் வேறாக இருப்பதைக் கவனிப்பதில்லை. இது எக்ஸ்11 என்னும் பழைய திரை முறை; புதிய முறையான வேலேண்ட் அமர்விலும் பழைய நிரல்களுக்காக எக்ஸ்வேலேண்ட் என்னும் சேவை ஓடுவதால் இதே வழி அங்கும் செல்லும்.

அடுத்து, கண்டெய்னருக்கு ‘பிராக்ஸி’ வகைச் சாதனம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதில் ‘பைண்ட்’ என்பதற்கு ‘இன்ஸ்டன்ஸ்’ என்று கொடுத்தால், சாக்கெட் கண்டெய்னருக்குள் உருவாகி, அங்கே வரும் கோரிக்கைகள் ஹோஸ்டின் சாக்கெட்டுக்குப் போய்ச் சேரும். ‘லிசன்’ என்பது உள்ளே இருக்கும் பாதை, ‘கனெக்ட்’ என்பது ஹோஸ்டில் இருக்கும் பாதை. ‘யுஐடி’ (பயனர் எண்), ‘ஜிஐடி’ (குழு எண்) இரண்டும் உள்ளே உருவாகும் சாக்கெட் யாருக்கு உரியது என்பதையும், ‘செக்யூரிட்டி.யுஐடி’, ‘செக்யூரிட்டி.ஜிஐடி’ இரண்டும் ஹோஸ்டில் எந்தப் பயனரின் பெயரால் கோரிக்கை போகிறது என்பதையும் முடிவுசெய்கின்றன. உங்கள் ஹோஸ்ட் பயனரின் எண் 1000 என்றால் பின்னவை இரண்டுக்கும் 1000 கொடுங்கள். இறுதியாக, ‘லிசன்’ பாதை எக்ஸ்0 என்று முடிந்தால், கண்டெய்னருக்குள் டிஸ்ப்ளே மாறிக்கு ":0" என்று மதிப்பிடுங்கள்.

எல்லாம் செய்தும் "திரையைத் திறக்க முடியவில்லை" என்றே வருகிறது. எங்கே பார்ப்பது?

கண்டெய்னருக்குள் நுழைந்து, சாக்கெட் கோப்பு அந்த இடத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கண்டெய்னர் தொடங்கும்போது அதன் சிஸ்டம்டி (தொடக்கச் சேவைகளை நடத்தும் நிரல்) டிஎம்பி அடைவைத் துடைத்திருக்கக்கூடும். சாக்கெட்டை டிஎம்பிக்கு வெளியே, எடுத்துக்காட்டாக /எம்என்டி அடைவின்கீழ் உருவாக்கிவிட்டு, தொடக்கத்தில் ஒரு குறியீட்டு இணைப்பை டிஎம்பிக்குள் உருவாக்கும்படி சிஸ்டம்டியின் டிஎம்பிஃபைல்ஸ் அமைப்பில் ஒரு வரி எழுதினால் இது தீரும்.

கோப்பு இருக்கிறது, ஆனால் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால், மேலே சொன்ன நான்கு எண்களில் ஒன்று தவறு. "அங்கீகாரம் இல்லை" என்ற பொருளில் செய்தி வந்தால், சாக்கெட் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், திரைச் சேவைதான் உங்களை ஏற்கவில்லை என்று பொருள், ‘செக்யூரிட்டி.யுஐடி’ விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். செய்தியை முழுதாகப் படிப்பது இங்கே நேரத்தை மிச்சப்படுத்தும், ஏனெனில் மூன்று செய்திகளும் மூன்று வெவ்வேறு இடங்களைச் சுட்டுகின்றன.

ஜன்னல் திறந்து, உள்ளே வெறும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால் அது வேறு நோய். எக்ஸ் சேவையும் நிரலும் பகிர்ந்த நினைவகம் வழியாகப் படத்தைக் கைமாற்ற முயல்கின்றன. கண்டெய்னரின் ஐபிசி நேம்ஸ்பேஸ் (நிரல்கள் தமக்குள் தரவு பகிரும் வெளி) தனியானது என்பதால் அது நடப்பதில்லை. க்யூடி என்னும் வரைகலை நூலகத்தில் எழுதப்பட்ட நிரல்களில் இது கூடுதலாகத் தெரியும். க்யூடி_எக்ஸ்11_நோ_எம்ஐடிஎஸ்ஹெச்எம் என்னும் மாறிக்கு 1 என்று மதிப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

‘எக்ஸ்ஹோஸ்ட் +’ என்று தட்டியதும் வேலை செய்தது. அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம். அந்தக் கட்டளை திரைச் சேவையின் வாசற்காவலை முழுதாக எடுத்துவிடுகிறது. இதைவிட முக்கியமானது, எக்ஸ்11 நெறிமுறையில் ஒரு நிரல் மற்ற நிரல்களின் ஜன்னல்களைப் படம்பிடிக்கவும், நீங்கள் தட்டும் எழுத்துகளைக் கேட்கவும் முடியும் என்பது. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை ஹோஸ்ட் உலாவியில் தட்டும்போது, கண்டெய்னருக்குள் இருக்கும் நிரல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முந்தைய விடையில் சொன்ன ‘செக்யூரிட்டி.யுஐடி’ முறை வாசற்காவலைத் தக்கவைக்கிறது. ஆயினும் உள்ளே வந்த பிறகு எக்ஸ்11 யாரையும் கட்டுப்படுத்துவதில்லை என்பதை மறக்கலாகாது.

தனிமைதான் நோக்கம் என்றால் வேலேண்ட் சாக்கெட்டைக் கொடுங்கள். அது /ரன்/யூசர்/1000/வேலேண்ட்-0 என்ற இடத்தில் இருக்கும். வேலேண்ட்_டிஸ்ப்ளே மாறியில் முழுப் பாதையையும் எழுதலாம். ஒரு நிரல் மற்றொன்றின் ஜன்னலைப் பார்க்க வேலேண்ட் இடங்கொடுப்பதில்லை. எக்ஸ்11 மட்டுமே அறிந்த பழைய நிரலாக இருந்தால், ஹோஸ்டில் செஃபிர் என்னும் ஜன்னலுக்குள் ஜன்னலைத் திறந்து, அதன் சாக்கெட்டை மட்டும் உள்ளே அனுப்பலாம்.

படம் வருகிறது, ஆனால் வீடியோ திக்கித் திணறுகிறது. விசிறி வேறு இரைகிறது. கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யவில்லையா?

கண்டெய்னருக்குள் மெசா-யூட்டில்ஸ் பொதியை நிறுவி ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள். ‘ரெண்டரர்’ என்ற வரியில் எல்எல்விஎம்பைப் என்று வந்தால், கிராபிக்ஸ் கார்டு ஒதுங்கி நிற்க, செயலியே எல்லாப் படத்தையும் வரைந்துகொண்டிருக்கிறது. விசிறி இரைவது அதனால்தான்.

‘ஜிபியு’ வகைச் சாதனத்தைச் சேர்த்தால் /டெவ்/டிஆர்ஐ அடைவும் அதற்குள் கார்டு0, ரெண்டர்டி128 போன்ற கோப்புகளும் உள்ளே தோன்றும். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இயல்பாக அக்கோப்புகள் உள்ளே ரூட் என்னும் நிர்வாகிப் பயனருக்கு மட்டும் உரியவையாக உருவாகின்றன. சாதாரணப் பயனர் அவற்றைத் திறக்க முடியாததால் நிரல் சத்தமில்லாமல் எல்எல்விஎம்பைப்புக்குத் திரும்பிவிடும். சாதனத்தின் ‘ஜிஐடி’ மதிப்பாக உள்ளே இருக்கும் வீடியோ குழுவின் எண்ணைக் கொடுத்து, பயனரை அக்குழுவில் சேருங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் வீடியோ குழுவின் எண் 44. ரெண்டர் குழுவின் எண் மட்டும் கணினிக்குக் கணினி மாறும் என்பதால் அதை உள்ளே பார்த்துவிட்டே எழுத வேண்டும். இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கு உள்ளே மெசா நூலகங்கள் இருந்தால் போதும். கர்னல் டிரைவர் ஹோஸ்டில்தான் இருக்கிறது, அதை உள்ளே நிறுவ முயல வேண்டாம்.

என்விடியா கார்டு. நேற்றுவரை ஓடியது, ஹோஸ்டை அப்டேட் செய்ததும் நின்றுவிட்டது. ஏன்?

என்விடியாவின் தனியுரிமை டிரைவர் இரண்டு பகுதிகளாக இருக்கிறது: கர்னலில் ஏறும் பகுதி ஒன்று, நிரல்கள் பயன்படுத்தும் நூலகப் பகுதி மற்றொன்று. இரண்டின் பதிப்பும் கடைசி இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும். நீங்கள் கண்டெய்னருக்குள் நூலகப் பகுதியைக் கையால் நிறுவியிருந்தால், ஹோஸ்ட் புதுப்பிக்கப்பட்ட நாளில் இரண்டும் பிரிந்துவிடும்.

உள்ளே நிறுவியதை நீக்கிவிட்டு, ஹோஸ்டில் என்விடியாவின் கண்டெய்னர் கருவிகளை நிறுவி, இன்கஸில் ‘என்விடியா.ரன்டைம்’ அமைப்பை ‘ட்ரூ’ ஆக்குங்கள். அப்போது கண்டெய்னர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஹோஸ்டின் நூலகங்களே உள்ளே இணைக்கப்படும். இதிலும் ஒரு பொறி உண்டு: ‘என்விடியா.டிரைவர்.கேப்பபிலிட்டீஸ்’ அமைப்பின் இயல்பு மதிப்பு கணக்கீட்டுக்கும் கண்காணிப்புக்கும் மட்டுமே வழிவிடுகிறது. ஆகையால் கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை அழகாக ஓடும், ஆனால் படம் வரையும் நிரல் ஓடாது. அந்த மதிப்பை ‘ஆல்’ என்று மாற்றுங்கள். டாக்கரில் அதே கருவித்தொகுப்பை நிறுவி, ஓட்டும்போது ‘--ஜிபியுஸ் ஆல்’ என்று சேர்க்க வேண்டும்.

தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. உள்ளே தமிழில் தட்டவும் முடியவில்லை.

கட்டங்கள் வருவது எழுத்துரு இல்லாததால். கண்டெய்னரின் படிமங்கள் எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுத்துருக்களை விட்டுவிடுகின்றன. நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருப் பொதியை உள்ளே நிறுவுங்கள். கட்டங்களுக்குப் பதிலாக வினாக்குறிகள் வந்தால் எழுத்துருவைக் குறைசொல்ல வேண்டாம்; மொழிச்சூழல் அமைக்கப்படவில்லை என்று பொருள். லேங் மாறிக்கு ‘சி.யுடிஎஃப்-8’ என்று மதிப்பிட்டாலே போதும்.

தட்டச்சுக்கு எளிய வழி, ஹோஸ்டின் விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 தளக்கோலத்தை நேரடியாகச் சேர்ப்பது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்னும் பட்டியலை நிரல்களுக்குத் தருவது திரைச் சேவையின் வேலை என்பதால் கண்டெய்னருக்குள் எதையும் தொட வேண்டியதில்லை. நம் ஊரில் பலர் பிரெஞ்சு விசைப்பலகை வைத்திருப்பதால் "உள்ளேயும் அசெர்ட்டி அமைக்க வேண்டுமா" என்று கேட்கிறார்கள். அதற்கும் இதே விடைதான், தேவையில்லை. ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவி வழியாக ஒலிபெயர்த்துத் தட்டுபவர்களுக்குத்தான் சிக்கல். ஜிடிகே3 என்னும் வரைகலை நூலகத்தில் எழுதப்பட்ட நிரல்களில் ஜிடிகே_ஐஎம்_மாட்யூல் மாறிக்கு ‘எக்ஸ்ஐஎம்’ என்றும், எக்ஸ்மாடிஃபையர்ஸ் மாறிக்கு ‘@ஐஎம்=ஐபஸ்’ என்றும் கொடுத்தால் ஹோஸ்டின் ஐபஸே வேலை செய்யும். புதிய ஜிடிகே4 அந்த வழியைக் கைவிட்டுவிட்டது.

ஒலி வர என்ன செய்ய வேண்டும்?

திரைக்குச் செய்ததையேதான். இன்றைய உபுண்டுவிலும் டெபியனின் க்னோம் மேசைத்தளத்திலும் ஒலியைக் கவனிப்பது பைப்வயர். ஆனால் அது பழைய பல்ஸ்ஆடியோவைப் போலவே /ரன்/யூசர்/1000/பல்ஸ்/நேட்டிவ் என்னும் சாக்கெட்டையும் திறந்து வைத்திருக்கிறது. பெரும்பாலான நிரல்களுக்கு அதுவே போதும். அதற்கு ஒரு பிராக்ஸி சாதனத்தைச் சேர்த்து, எண்களை முன்போலவே கொடுத்து, உள்ளே பல்ஸ்_சர்வர் மாறியில் ‘யுனிக்ஸ்:’ என்று தொடங்கிச் சாக்கெட்டின் பாதையை எழுதுங்கள்.

உள்ளே அந்தச் சாக்கெட்டை /ரன்/யூசர்/1000 அடைவிலேயே உருவாக்கக் கூடாது. கண்டெய்னருக்குள் பயனர் நுழையும்போது சிஸ்டம்டி அதே இடத்தில் ஒரு புதிய தற்காலிகக் கோப்பு அமைப்பை ஏற்றுகிறது. அதற்கு முன்பு அங்கே இருந்தவை எல்லாம் அதன் அடியில் மறைந்துவிடும். கண்டெய்னரைத் தொடங்கிய உடனே சோதித்தால் சாக்கெட் தெரிகிறது, பயனராக நுழைந்ததும் காணவில்லை என்ற புதிரின் விடை இதுதான். பயனரின் வீட்டு அடைவிலோ /எம்என்டி அடைவிலோ வைத்துவிடுங்கள். பிறகு பல்ஸ்ஆடியோ-யூட்டில்ஸ் பொதியை நிறுவி பிஏசிடிஎல் இன்ஃபோ என்று தட்டினால், ஹோஸ்டின் ஒலிச் சேவையின் பெயர் வர வேண்டும். பெயர் வந்தும் ஒலி வெட்டி வெட்டி வந்தால், பல்ஸின் கிளையன்ட் அமைப்புக் கோப்பில் ‘எனேபிள்-எஸ்ஹெச்எம் = நோ’ என்று ஒரு வரி சேருங்கள்.

பாட்டு கேட்கிறது. ஆனால் மாணவர்களுக்குப் பாடம் பதிவுசெய்ய மைக் எடுக்கவில்லையே?

பல்ஸ் சாக்கெட் போகும் ஒலியையும் வரும் ஒலியையும் சேர்த்தே சுமக்கிறது. மைக்குக்கென்று தனி வழி இல்லை. எனவே கண்டெய்னரை விட்டுவிட்டு, ஹோஸ்டின் ஒலிக் கட்டுப்பாட்டில் எந்த உள்ளீடு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் அங்கேதான்: பாட்டு கேட்பதற்கான ஏ2டிபி முறையில் மைக் இயங்காது, ஹெட்செட் முறைக்கு மாற்றினால் மைக் வரும், ஆனால் கேட்கும் ஒலியின் தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். கேட்டல் பயிற்சிக்காக ல, ழ, ள வேறுபாட்டைத் தெளிவாகப் பதிவுசெய்ய வேண்டிய ஆசிரியர் ஒரு சாதாரண யுஎஸ்பி மைக்கை வாங்குவதே நல்லது.

இதன் மறுபக்கமும் உண்டு. பாட்டு மட்டும் கேட்கட்டும் என்று நீங்கள் கொடுத்த சாக்கெட் வழியாகவே உள்ளிருக்கும் எந்த நிரலும் உங்கள் அறையைக் கேட்க முடியும்.

இந்தச் சாக்கெட் சுற்றெல்லாம் வேண்டாம், /டெவ்/எஸ்என்டி அடைவையே உள்ளே கொடுத்துவிட்டால் என்ன?

கொடுக்கலாம், ஆடியோ குழுவின் எண் டெபியனில் 29. ஆனால் அப்போது நிரல் கர்னலின் ஒலி அமைப்பான ஆல்சா வழியாக ஒலி அட்டையை நேராகப் பிடிக்கிறது. ஹோஸ்டின் பைப்வயர் அதை ஏற்கெனவே பிடித்திருந்தால் "சாதனம் வேலையில் உள்ளது" என்று வரும். கண்டெய்னர் முந்திக்கொண்டால் ஹோஸ்டில் ஒலி நின்றுவிடும். ஒலிச் சேவை எதுவுமே ஓடாத, திரை இல்லாத சிறு கணினிக்குத்தான் இந்த வழி பொருந்தும்.

ஹெட்ஃபோனில் என் குரலே பின்தங்கி வருகிறது. மிருதங்கத்தோடு சேர்ந்து பாடிப் பதிவுசெய்ய முடியுமா?

கண்டெய்னரைக் குறைசொல்வதற்கு முன் பைப்வயரின் இடைச்சேமிப்பைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 1024 மாதிரிகள், நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் ஒவ்வொரு சுற்றும் சுமார் 21 மில்லிநொடி பிடிக்கும். உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று, நிரலின் சொந்தச் சேமிப்பு எல்லாம் சேர்ந்தால் பாடகரின் காது உணரும் அளவுக்கு வந்துவிடும். ஹோஸ்டில் பிடபிள்யூ-மெட்டாடேட்டா கட்டளையால் இதை 128 மாதிரிகளாகக் குறைத்தால் ஒரு சுற்று 3 மில்லிநொடிக்கும் கீழே வரும். செயலி ஈடுகொடுக்காவிட்டால் படபடவென்று வெட்டு விழும். அப்போது 256-க்கு ஏற்றுங்கள்.

கர்னல் ஒன்றே என்பதால் கண்டெய்னர் தன் பங்குக்குச் சேர்க்கும் தாமதம் சிறிது. ஆனால் பல்ஸ் வழி நிரல்கள் தாமே பெரிய இடைச்சேமிப்பைக் கேட்கும் பழக்கமுடையவை. நிகழ்நேர முன்னுரிமையும் உள்ளே எளிதில் கிடைப்பதில்லை. ஒரு குரல், ஒரு சுருதிப்பெட்டி என்றால் கண்டெய்னரில் பதிவுசெய்யுங்கள். மிருதங்கம், வயலின், குரல் எனப் பல தடங்களை ஒரே நேரத்தில் எடுப்பவர் அந்த ஒரு நிரலை மட்டும் ஹோஸ்டிலேயே நிறுவிக்கொள்வது என் கருத்தில் அறிவுடைமை.

தைப்பூசக் காவடியை நேரலையில் அனுப்ப ஓபிஎஸ் நிரலைக் கண்டெய்னரில் வைக்கலாமா? கேமரா கிடைக்குமா?

கிடைக்கும். கேமரா /டெவ்/வீடியோ0 என்று ஹோஸ்டில் தெரியும். ‘யுனிக்ஸ்-கேர்’ வகைச் சாதனமாக, ஜிஐடி 44 உடன் சேர்க்க வேண்டும். பல யுஎஸ்பி கேமராக்கள் வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு கோப்புகளைக் காட்டும். இரண்டாவது பெரும்பாலும் துணைத் தகவலுக்கானது, படம் தராது. ‘ரிக்வயர்ட்’ மதிப்பை ‘ஃபால்ஸ்’ என்று வைத்தால், கேமரா செருகப்படாத நாளிலும் கண்டெய்னர் தொடங்கும். படத்தைச் சுருக்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டு செய்ய வேண்டுமானால், மேலே சொன்ன ரெண்டர்டி128 கோப்புக்கு அனுமதியும், இன்டெல் கார்டு என்றால் அதற்குரிய விஏ டிரைவர் பொதியும் உள்ளே வேண்டும்.

நேரலை வெளியே மட்டும் போவதால் வலையமைப்பில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விழாவுக்கு முந்தைய வாரத்தில் எல்லாம் சரியாக ஓடும்போது கண்டெய்னரின் அந்நேர நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துவிட்டு, விழா முடியும்வரை ஹோஸ்டையும் கண்டெய்னரையும் அப்டேட் செய்யாதீர்கள்.

கண்டெய்னரிலிருந்து இணையம் வருகிறது. ஆனால் வீட்டிலுள்ள கைபேசியிலிருந்து கண்டெய்னருக்குப் போக முடியவில்லையே?

இன்கஸை நிறுவித் தொடக்க அமைப்பைச் செய்யும்போது வழக்கமாக இன்கஸ்பிஆர்0 என்னும் பிரிட்ஜ், அதாவது மெய்நிகர் வலை இணைப்பி, உருவாகிறது. கண்டெய்னர்கள் அதனிடமிருந்து 10 என்று தொடங்கும் தனி முகவரி பெற்று, என்ஏடி என்னும் முகவரி மாற்றம் வழியாக ஹோஸ்டின் முகவரியில் வெளியே போகின்றன. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர வழி இல்லை. ஒரு சேவையை மட்டும் திறக்க வேண்டுமானால், பிராக்ஸி சாதனத்தை இம்முறை எதிர்த்திசையில் பயன்படுத்துங்கள்: ‘பைண்ட்’ என்பதற்கு ‘ஹோஸ்ட்’, ‘லிசன்’ என்பதற்கு ஹோஸ்டின் டிசிபி வாயில், ‘கனெக்ட்’ என்பதற்குக் கண்டெய்னரின் வாயில்.

இன்கஸ் லிஸ்ட் கட்டளையில் ஐபிவி6 முகவரி மட்டும் தெரிந்து ஐபிவி4 இடம் காலியாக இருந்தால், ஹோஸ்டின் ஃபயர்வால் முகவரி வழங்கும் டிஹெச்சிபி கோரிக்கையைத் தடுக்கிறது. யுஎஃப்டபிள்யூ என்னும் ஃபயர்வால் கருவியைப் பயன்படுத்துபவர்கள் இன்கஸ்பிஆர்0 வழியாக உள்ளே வருவதற்கும், அதன் வழியாகக் கடந்துபோவதற்கும் தனித்தனியாக அனுமதி எழுத வேண்டும்.

மாக்விலான் போட்டால் வீட்டு ரூட்டரிலிருந்தே முகவரி வருமாமே? போட்டேன், ஹோஸ்டிலிருந்து பிங்கூடப் போகவில்லை.

மாக்விலான் என்பது கண்டெய்னருக்கு வீட்டு வலையில் தனி மாக் முகவரி (வலை இடைமுகத்தின் அடையாள எண்) தரும் முறை; அதில் ஹோஸ்டும் கண்டெய்னரும் ஒன்றோடொன்று பேச முடியாது. அது கர்னலின் வடிவமைப்பு, உங்கள் அமைப்பில் உள்ள பிழை அன்று. மற்ற கணினிகளிலிருந்து பேசலாம். ஹோஸ்டோடும் பேச வேண்டுமானால் கண்டெய்னருக்கு இன்கஸ்பிஆர்0 மேல் இரண்டாவது வலை இடைமுகம் ஒன்றைக் கூடுதலாகக் கொடுங்கள்.

வைஃபை வழியாக மட்டும் இணைந்திருப்பவருக்கு மாக்விலான் வேலை செய்யாது. வைஃபை அணுகுமுனை தன்னிடம் பதிந்த ஒரே மாக் முகவரியைத்தான் ஏற்கும். கண்டெய்னரின் புதிய மாக் முகவரியோடு போகும் தரவை அது தள்ளிவிடும். ஃபைபர் பெட்டியிலிருந்து கம்பி இழுக்க முடியாத வீட்டில் முந்தைய விடையின் பிராக்ஸி முறையே கைகொடுக்கும்.

டாக்கரையும் நிறுவினேன், அன்றிலிருந்து இன்கஸ் கண்டெய்னர்களில் இணையமே இல்லை.

டாக்கர் தொடங்கும்போது ஹோஸ்டில் தரவைக் கடத்தும் வசதியைத் தானே இயக்கி, கூடவே ஃபயர்வாலில் அதற்கான விதித்தொடராகிய ஃபார்வர்டு சங்கிலியின் இயல்புக் கொள்கையை ‘டிராப்’ (தள்ளிவிடு) என்று மாற்றிவிடுகிறது. இன்கஸின் பிரிட்ஜ் வழியாகப் போகும் தரவும் அதில் அடிபடுகிறது. டாக்கர்-யூசர் என்னும் சங்கிலியில் இன்கஸ்பிஆர்0 வழியாகப் புறப்படும் தரவுக்கும், ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புகளில் திரும்பி வரும் தரவுக்கும் அனுமதி எழுதினால் சரியாகும். இதைவிடத் தூய்மையான வழி, ஒரு இன்கஸ் கண்டெய்னரில் ‘செக்யூரிட்டி.நெஸ்டிங்’ அமைப்பை ‘ட்ரூ’ ஆக்கி, டாக்கரை அதற்குள் நிறுவுவது. அப்போது டாக்கர் மாற்றும் விதிகள் அந்தக் கண்டெய்னரோடு நின்றுவிடும்.

அலுவலக விபிஎன் இணைத்தால் கண்டெய்னரில் சில தளங்கள் மட்டும் திறப்பதில்லை. பிங் போகிறது, பக்கம் வருவதில்லை.

பிங் போய், சிறு பக்கங்கள் திறந்து, பெரியவை மட்டும் பாதியில் நின்றால் எம்டியூ, அதாவது ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவைப் பாருங்கள். விபிஎன் தன் உறைக்குச் சிறிது இடம் எடுத்துக்கொள்வதால் ஒரு பொட்டலத்தின் அளவு குறைகிறது. வயர்கார்டு என்னும் விபிஎன் வகையில் வழக்கமாக 1420. கண்டெய்னரின் பிரிட்ஜோ 1500 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ‘பிரிட்ஜ்.எம்டியூ’ மதிப்பை 1400 ஆக்கிப் பாருங்கள்.

அலுவலகத் தளங்கள் எதுவுமே திறக்காவிட்டால், முகவரி மோதல் இருக்கலாம். அலுவலக வலையமைப்புகள் 10 அல்லது 172 என்று தொடங்கும் முகவரிகளை விரும்புகின்றன. இன்கஸ் 10-இலும் டாக்கர் 172.17-இலும் அமர்கின்றன. இரண்டும் ஒரே வீச்சில் விழுந்தால் கணினி அலுவலகத்துக்குப் போக வேண்டிய தரவை உள்ளேயே சுற்றவிடும். அலுவலகத்தின் வீச்சைக் கேட்டறிந்து, அதற்கு வெளியே உள்ள ஒரு வீச்சை ‘ஐபிவி4.அட்ரஸ்’ அமைப்பில் எழுதுங்கள்.

‘செக்யூரிட்டி.பிரிவிலேஜ்டு’ என்பதை ட்ரூ ஆக்கினால் எல்லா அனுமதிச் சிக்கலும் ஒரேயடியாகத் தீருமாமே?

தீரும், வீட்டுச் சாவிக்கொத்தையே விருந்தாளியிடம் கொடுத்தால் எந்த அறைக் கதவும் பூட்டியிருக்காது என்பதுபோல. இயல்பான கண்டெய்னரில் உள்ளே இருக்கும் ரூட், ஹோஸ்டில் அதிகாரம் ஏதுமற்ற ஒரு பெரிய எண்ணாக மாற்றப்படுகிறது. பெரும்பாலான நிறுவல்களில் அது 1000000, அப்படியானால் உள்ளே 1000 என்னும் பயனர் வெளியே 1001000. சாக்கெட்டைத் தொட அனுமதி கிடைக்காததற்கும் இந்த இடமாற்றமே காரணம். பிரிவிலேஜ்டு ஆக்கினால் இந்த மாற்றம் நீங்கி, உள்ளே ரூட் ஆனவர் வெளியேயும் ரூட் ஆகும் வாய்ப்புப் பெறுகிறார். பிராக்ஸி சாதனத்தின் எண்களும், அடைவுகளுக்கு இந்த எண் மாற்றத்தை ஈடுசெய்யும் ‘ஷிஃப்ட்’ அமைப்பும் இருக்கும்போது இதற்குத் தேவையே எழுவதில்லை.

எல்லாம் ஒழுங்காக ஓடும். கணினியை அணைத்துப் போட்டாலோ ஒலிச் சேவையை மறுதொடக்கம் செய்தாலோ மட்டும் ஒலி போய்விடுகிறது. ஏன்?

நீங்கள் பிராக்ஸிக்குப் பதிலாக ‘டிஸ்க்’ வகைச் சாதனமாகச் சாக்கெட்டை உள்ளே இணைத்திருப்பீர்கள். அப்படி இணைக்கும்போது கர்னல் கோப்பின் பெயரை நினைவில் வைப்பதில்லை, அந்தக் குறிப்பிட்ட கோப்பையே பிடித்துக்கொள்கிறது. பைப்வயர் மறுதொடக்கம் ஆகும்போது பழைய சாக்கெட்டை அழித்து அதே பெயரில் புதியதை உருவாக்குகிறது. கண்டெய்னரோ இறந்துபோன பழையதையே பிடித்திருக்கிறது. கணினி தொடங்கும்போது நடப்பதும் இதன் உடன்பிறப்பு: நீங்கள் கடவுச்சொல் கொடுத்து நுழைவதற்கு முன்பே கண்டெய்னர் எழுந்துவிட்டால், /ரன்/யூசர்/1000 அடைவே அப்போது பிறந்திருக்காது, இணைப்பதற்கு ஒன்றும் இல்லை.

பிராக்ஸி சாதனம் ஒவ்வொரு புதிய இணைப்பின்போதும் பாதையைப் பெயரால் தேடிப் போவதால் இரண்டு சிக்கலும் அதற்கு வருவதில்லை. டிஸ்க் சாதனத்தை நீக்கி, ஒலிக்கான விடையில் சொன்னபடி மாற்றுங்கள். திரை, ஒலி, ஜிபியு மூன்றுக்குமான சாதனங்களை ஒரே புரொஃபைலில், அதாவது பெயரிட்டுச் சேமிக்கும் அமைப்புத் தொகுப்பில், எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த கண்டெய்னரை உருவாக்கும்போது அந்தப் புரொஃபைலின் பெயரை மட்டும் சேர்த்தால் போதும். ஏற்கெனவே திறந்திருக்கும் நிரல்களை மட்டும் ஒருமுறை மூடித் திறக்க வேண்டியிருக்கும்.